ஏற்காடு விடுதிக்கு முன்பதிவு நாட்காட்டி எழுதிய அனுபவம்

ஏற்காட்டில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் இணையதளத்துக்கு அறை முன்பதிவு நாட்காட்டி எழுதிக் கொடுத்தேன். கட்டம் போடுவது பெரிய வேலையல்ல. ஞாயிறில் தொடங்கி ஏழு பத்திகள், ஒன்றாம் தேதியை அதன் கிழமைக்கு நேராக உட்கார வைத்துவிட்டால் மற்றவை தாமாக அடுக்கிக்கொள்ளும். 2026 பிப்ரவரிக்கு நான்கு வரிசை போதும், மே மாதத்துக்கு ஆறு வேண்டும். எப்போதும் 42 கட்டங்கள் வைத்துவிடுங்கள். மாதம் மாறும்போது கீழே உள்ள பொத்தான் மேலும் கீழும் துள்ளாது.

பாடாய்ப் படுத்துவது தேதிதான். அவர்களுடைய பழைய தளத்தில் மே 16 என்று தேர்ந்தெடுத்தால் விடுதிப் பதிவேட்டில் மே 15 என்று விழுந்துகொண்டிருந்தது. கோடை விழாக் கூட்டத்தில், சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்த ஒரு குடும்பத்திடம் “உங்களுக்கு நேற்றுதானே அறை?” என்று கேட்கும்படி ஆனதாம். கைக்குழந்தையோடு வந்தவர்கள் பாவம்!

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென இருக்கும் ‘டேட்’ தனக்குள் வைத்திருப்பது ஒரு கணத்தை. நமக்கு 16ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு, உலகப் பொது நேரத்தில் 15ஆம் தேதி மாலை 6.30. டேட்டை எழுத்தாக மாற்றும் ‘டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ (toISOString) அந்தப் பொது நேரத்தைத்தான் எழுதித் தரும். அதில் தேதி இருக்கும் முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்தால் ஒரு நாள் பின்னால் போய்விடும். இதற்கு நேர்மாறான வம்பும் உண்டு: ‘2026-05-16’ என்று மட்டும் கொடுத்தால் டேட் அதைப் பொது நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இங்கே அது காலை 5.30, தேதி பிசகாது. அமெரிக்காவிலிருந்து பெற்றோருக்காக அறை பிடிக்கும் மகனுக்கு 15 என்று காட்டும். ஆகவே ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்களாகவே வைத்து, அப்படியே சேவையகத்துக்கு அனுப்புங்கள். டேட்டில் மாத எண் 0-இல் தொடங்குவதையும் மறக்க வேண்டாம். டேட்டுக்கு மாற்றாகப் புதிய உலாவிகளில் வந்திருக்கும் டெம்போரலில், நேரம் ஒட்டாத தேதிக்கென்றே ‘பிளெயின்டேட்’ இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வசதி அது.

கிளம்பும் நாளை அடைத்துவிடாதீர்கள். 14 முதல் 16 வரை தங்குகிறவருக்கு இரண்டே இரவுகள். 16 அடுத்தவர் வருவதற்குத் திறந்திருக்க வேண்டும்.

உரிமையாளரின் தாயார் தமிழ்த் தேதியும் வேண்டும் என்றார். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து மாதப் பிறப்பு தள்ளிப்போகும். ஒரு மாதம் 29 நாளாகவும் இருக்கலாம், 32 நாளாகவும் இருக்கலாம். பஞ்சாங்கங்களுக்குள் வாக்கியம், திருக்கணிதம் என்ற கணக்கு பேதம் வேறு. சூத்திரம் எதுவும் எழுதாமல், அவர்கள் வீட்டுப் பஞ்சாங்கப்படி பன்னிரண்டு மாதப் பிறப்புகளையும் அட்டவணையாகவே ஏற்றினேன். ஒவ்வொரு சித்திரைக்கும் புதிய அட்டவணையை அந்த அம்மாவே நிரப்பிக்கொள்ள ஒரு படிவமும் வைத்திருக்கிறேன்.