ஜோகுபாளையாவில் 30 அடி ரோட்டில் 54 அறை ஹோட்டல்: ஆட்சேபணை மனுவில் எதை முதலில் வைப்பது?

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ட்ரினிட்டி மெட்ரோவிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில், ஜோகுபாளையாவில் ஒரு கிராஸில் (குறுக்குத் தெருவில்) இருக்கிறோம். மாமனார் கட்டிய வீடு. கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து நேராக இங்கேதான் வந்தேன்.

எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இரண்டு பழைய ஓட்டு வீடுகளை வாங்கி, இடித்து, தகர ஷீட் அடித்துவிட்டார்கள். அப்பார்ட்மெண்ட் வரும் என்றுதான் நினைத்தோம். மேஸ்திரி நம்ம தர்மபுரிக்காரர், அவரிடம் கேட்டதற்கு “ஹோட்டல்மா, 54 ரூம், கீழே ஹால், மொட்டை மாடியில ரெஸ்டாரண்ட்” என்றார். சைட்டில் பிளான் நகல் எதுவும் மாட்டவில்லை. கேட்டால் வரும் வரும் என்கிறார்கள்.

இந்த ரோட்டை ஒருமுறை வந்து பார்த்தால் என் கவலை புரியும். ஒரு பக்கம் கார் நின்றால் மறுபக்கம் ஆட்டோ மட்டும்தான் போகும். போன மழைக்காலத்தில் மாமியாருக்கு ராத்திரி மூச்சுத்திணறல் வந்தபோது ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரை நாங்களே முனை வரை தள்ளிக்கொண்டு போனோம், சக்கரம் ஸ்லாப் இடுக்கில் மாட்டி மாட்டி வந்தது. பெரிய மழை என்றால் எங்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கிற சாக்கடை சேம்பர் மூடியைத் தூக்கிக்கொண்டு கருப்புத் தண்ணீர் கோலம் வரைக்கும் வரும். இத்தனைக்கும் இப்போது இந்த லைனில் இருப்பது இருபது வீடுகள்தான். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கிற தொட்டியில்) பிடித்து ஓட்டுகிறோம்.

ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு மனு தயாரித்திருக்கிறார், 14 பாயிண்ட். முதல் பாயிண்ட் ‘ஏரியாவின் பண்பாடு கெடும்’. இரண்டாவது ‘கல்யாணமாகாத ஜோடிகள் வருவார்கள்’. மூன்றாவது ‘வெளியாட்கள் நடமாட்டம் அதிகமாகும்’. ஆம்புலன்ஸ் பதினொன்றாவது, சாக்கடை பன்னிரண்டாவது. படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ரோட்டில் உயிர் போகிற விஷயம் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. செக்ரட்டரி பெரியவர், நல்ல மனுஷர், அவர் மனம் நோகாமல் இதை மாற்ற வேண்டும். எதை முதலில் வைத்தால் அதிகாரி படிப்பார்? எந்த ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டும்? இந்த மாதிரி மனு கொடுத்த அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

---

டிரேசிங் பேப்பர் பதில்:

அம்மா, நான் பிளான் வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹோட்டலுக்கும் வரைந்திருக்கிறேன், அதை எதிர்த்தவர்களுக்கும் உதவியிருக்கிறேன். மேஸ்திரி சொன்னதை வைத்து மனு எழுதாதீர்கள். முதலில் காகிதம் கையில் வரட்டும். உங்கள் கார்ப்பரேஷனின் நகரத் திட்டப் பிரிவில் ஆர்டிஐ போட்டு சாங்ஷன் பிளானை, அதாவது அனுமதி கொடுத்த வரைபடத்தை, கேளுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பழைய பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி ஐந்து கார்ப்பரேஷனாகிவிட்டது, உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான ஆபீஸில் போட்டால் ஒரு மாதம் அதிலேயே போய்விடும்.

அந்த பிளானில் ‘குடியிருப்பு’ என்று இருக்கிறதா, ‘ஹோட்டல்’ என்று இருக்கிறதா? எல்லாமே இதில்தான் இருக்கிறது. வீடு என்று சாங்ஷன் வாங்கி ஹோட்டலாகக் கட்டுவது இந்த ஊரில் ரொம்பப் பழைய வழி. அப்படியென்றால் நீங்கள் எதிர்ப்பது ஹோட்டலை இல்லை, பிளான் மீறலை. உங்கள் கை ஓங்கியிருக்கும்.

ஹோட்டல் என்றே இருந்தால், அந்த இடம் எந்த ஜோனில் இருக்கிறது என்று பாருங்கள். 2031-க்கான வரைவை அரசாங்கம் திரும்பப் பெற்றுவிட்டதால் 2007-ல் வந்த ‘மாஸ்டர் பிளான் 2015’ தான் இன்னும் கணக்கு. அதில் ‘ரெசிடென்ஷியல் மெயின்’ வேறு, ‘ரெசிடென்ஷியல் மிக்ஸ்ட்’ வேறு. நில உபயோகத்தை மாற்றித்தான் ஹோட்டல் கட்ட முடியும் என்றால், 1961-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் 14-ஏ பிரிவு வருகிறது. மாற்றத்தைப் பத்திரிகையில் அறிவித்து, மக்கள் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 15 நாள் கொடுத்தாக வேண்டும். அந்த விளம்பரம் யார் கண்ணிலும் படாத மூலையில் பொடி எழுத்தில் வரும். தெருவில் யாராவது ஒருவர் தினமும் பேப்பரைப் பார்க்கிற பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 15 நாளுக்குள் போகிற மனுவுக்கு இருக்கிற பலம் அப்புறம் போகிற நூறு மனுவுக்கும் கிடையாது.

அப்புறம், ரோட்டை அளந்துவிடுங்கள். தார் போட்ட பகுதியை மட்டும் அளக்காதீர்கள். காம்பவுண்டு சுவரிலிருந்து எதிர் காம்பவுண்டு சுவர் வரை, சாக்கடை, நடைபாதை எல்லாம் சேர்த்து. நாலைந்து இடத்தில் அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். குடியிருப்பு ரோட்டில் வியாபாரக் கட்டடம் என்றால் இங்கே முதல் கேள்வி ரோடு 12 மீட்டர் அகலம் இருக்கிறதா என்பதுதான், நம்ம கணக்கில் சுமார் 40 அடி. எவ்வளவு கட்டலாம் என்கிற எஃப்ஏஆர் கணக்கும் ரோட்டு அகலத்தைப் பிடித்துத்தான் போகிறது. பிளானில் 40 அடி என்று காட்டி, நேரில் 30 அடி இருந்தால் அந்த ஒரு போட்டோ போதும்.

---

முன்மேசை பதில்:

அக்கா, நான் மதுரைப் பையன், ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸில் வேலை. இந்தத் தொழிலில்தான் என் வீடு சாப்பிடுகிறது, அதனால் ஹோட்டலே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன், மனுவுக்கு உதவும்.

54 ரூமைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரூமில் தங்குகிறவன் காலையில் கிளம்பிப் போய்விட்டு ராத்திரி தூங்க வருவான். தெருவை நிறைக்கப்போவது கீழே வருகிற அந்த ஹால். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு 250 பேர் வந்தால், அத்தனை வண்டியும் ஒரே அரைமணி நேரத்தில் உங்கள் கேட்டு முன்னால்தான் நிற்கும். ஹாலுக்குத் தனியாக எத்தனை பார்க்கிங் காட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது சப்ளை. விடியற்காலை பால், காய்கறி, லாண்டரி வேன், கேஸ் சிலிண்டர் லாரி, குப்பை வண்டி. இவையெல்லாம் கட்டடத்துக்குள் வந்து திரும்ப இடம் இருக்கிறதா? இல்லையென்றால் ரோட்டில் நின்று இறக்குவார்கள், உங்கள் ஆம்புலன்ஸ் மறுபடி முனையில் நிற்கும். ஜெனரேட்டர் எந்தப் பக்கம், கிச்சன் புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறது, இதையும் பிளானில் தேடுங்கள். வெளிநாட்டு ஃப்ளைட் நிறைய நடுராத்திரிக்கு மேல்தான் இறங்கும், ஏர்போர்ட் கேப் இரண்டு மணி மூன்று மணிக்கு வந்து டிக்கி கதவை அடிக்கும். சத்த விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. மாடி ரெஸ்டாரண்டில் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் அந்த வரம்புக்குள் நிற்காது.

இன்னொன்று முக்கியம். மாடியில் பார் வருமா என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கர்நாடகாவில் ஒயின்ஷாப்புக்கும் தனி பாருக்கும் பல வருஷமாகப் புது லைசென்ஸ் கொடுக்காமல் பழையதுதான் கைமாறிக்கொண்டிருந்தது. தங்கும் அறை வைத்திருக்கிற ஹோட்டலுக்கு சிஎல்-7 என்று ஒரு மது லைசென்ஸ் உண்டு. அதற்காகவே ரூம் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம், கோயில், ஆஸ்பத்திரி இருந்தால் அந்தத் தூரத்தையும் அளந்துவிடுங்கள், எக்சைஸ் விதியில் 100 மீட்டர் கணக்கு ஒன்று இருக்கிறது.

---

வீலர் ரோடு பதில்:

எல்லோரும் எதிர்க்கிறீர்கள், நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஹோட்டல் வராமல் வேறு எங்கே வரும்? சிகிச்சைக்காக ஊரிலிருந்து என் சித்தப்பாவைக் கூட்டி வந்தபோது ஆஸ்பத்திரிக்கு அருகில் சுத்தமான அறை கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்கள் தெருவிலேயே எத்தனை பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிறது? அதற்கு யாராவது மனு கொடுத்தீர்களா?

---

மாடித்தோட்டம் பதில்:

@வீலர் ரோடு, நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் இரண்டு பிஜி இருக்கிறது. ஒரு ஓனர் “நான் கையெழுத்துப் போட்டால் என் பைலைத்தான் முதலில் திறப்பார்கள்” என்று நேராகவே சொல்லிவிட்டார். அவர் சம்ப்புக்கு டேங்கர் வந்தாலே தெரு அடைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதனால் ஹோட்டலும் வரட்டும் என்று எப்படி விடுவது? ஹோட்டல் வேண்டும், ஆனால் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத தெருவில் வேண்டாம். கேம்பிரிட்ஜ் ரோடு மாதிரி பெரிய ரோட்டுப் பக்கம் வந்தால் நானே ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை அங்கே தங்க வைப்பேன்.

டிரேசிங் பேப்பர் ஐயா, நீங்கள் சொன்னபடி காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன் நானும் பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மாவும் டேப் பிடித்தோம். முனையில் 31 அடி. சைட்டுக்கு நேர் எதிரே 28 அடி 4 அங்குலம். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற இடத்தில் 26 கூட இல்லை. எங்கேயும் 40 கிடையாது. போட்டோ எடுத்து வைத்துவிட்டோம். முனையில் நர்சரி பள்ளி இருக்கிறது, சைட்டிலிருந்து 70 மீட்டருக்குள்தான் வரும்.

முன்மேசை தம்பி, ஹால் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி.

---

டிரேசிங் பேப்பர் பதில்:

28 அடி 4 அங்குலத்தை முதல் வரியில் வையுங்கள்.

தண்ணீருக்கும் ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள், அதிகாரிக்கு எண் பிடிக்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் சாதாரண ஹோட்டலுக்கு ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர். 54 அறை, அறைக்கு இரண்டு படுக்கை என்றால் 108. பெருக்கினால் 19,440 லிட்டர். ஹாலும் ரெஸ்டாரண்டும் இதில் சேராது. 12,000 லிட்டர் டேங்கர் என்றாலும் தினம் ஒன்றரை டேங்கருக்கு மேல். அந்த டேங்கர் 28 அடி ரோட்டில் எப்படித் திரும்பும்? வந்த தண்ணீரில் பெரும்பகுதி அதே சேம்பருக்குத்தான் போகும். 2024 கோடையில் போர்வெல் வற்றி இந்த ஊர் தவித்ததை நினைவூட்டுங்கள். வாட்டர் போர்டுக்குத் தனி மனு கொடுங்கள், கார்ப்பரேஷன் மனுவில் நகல் மட்டும் இணையுங்கள்.

அவர்கள் கட்டியே முடித்துவிட்டாலும் கை விட வேண்டாம். 2024 டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், ஓசி (கட்டடத்தில் குடியேறலாம் என்கிற சான்றிதழ்) காட்டினால்தான் மின்சாரம், தண்ணீர், சாக்கடை இணைப்பு என்றும், அனுமதியில்லாத கட்டடத்தில் தொழில் நடத்த லைசென்ஸ் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு மின்சார நிறுவனமான பெஸ்காமுக்கும் ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள்.

---

அல்சூர் பெரியவர் பதில்:

மகளே, உங்கள் செக்ரட்டரிக்கு என் வயதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவது பாயிண்டைப் பற்றி மட்டும் அவரிடம் இதைச் சொல்லுங்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது நாங்கள் இந்த ஊரில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது நம்மைச் சொன்ன சொல்தான் ‘வெளியாட்கள்’. தமிழன் கையெழுத்துப் போடுகிற மனுவில் அந்த வார்த்தை இருக்கவே கூடாது. தங்க வருகிறவன் யாராக இருந்தாலும், அவன் யாரோடு வந்தாலும், அது நம்ம வேலை இல்லை. ரோடும் சாக்கடையும் நம்ம வேலை.

எங்கள் தெருவில் லாட்ஜ் வந்தபோது பண்பாடு பண்பாடு என்றே எழுதினார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே பைலை மூடினார். லாட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது.

---

மாடித்தோட்டம் பதில்:

ஐயா, உங்கள் பதிலை அப்படியே பிரிண்ட் எடுத்து செக்ரட்டரியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். அவருக்கும் அந்த டிசம்பர் நினைவிருக்கிறது. பேனாவை எடுத்து முதல் மூன்று பாயிண்டையும் அவரே அடித்துவிட்டார்.

இப்போது மனு ஒன்றரைப் பக்கம்தான். ரோட்டு அகலம் போட்டோவோடு, ஆம்புலன்ஸ் நின்ற ராத்திரி தேதியோடு, சேம்பர் பொங்கியதற்கு வாட்டர் போர்டில் கொடுத்த புகார் எண்களோடு, தண்ணீர்க் கணக்கு, ஹால் பார்க்கிங், பார் உண்டா இல்லையா என்ற கேள்வி. கன்னடத்தில் அடித்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அம்மாவின் மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். பிஜி ஓனர் இன்னும் யோசிக்கிறார், அவர் இல்லாமலே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆர்டிஐ நேற்றுப் போட்டாயிற்று.

சாங்ஷன் பிளான் கைக்கு வந்ததும் அதைப் படிக்க ஒரு ஆள் தேவை. டிரேசிங் பேப்பர் ஐயா, அல்சூர் பக்கம் வருவீர்கள் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் உட்காரலாம். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் இருப்பார்கள், டிபன் எங்கள் வீட்டில்தான். வண்டியை மட்டும் மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.