'கூட்டுழைப்புத் தளர்வு': கலைச்சொல் முன்மொழிவு

> தனியாகச் செய்வதைவிடக் குழுவில் ஒவ்வொருவரும் குறைவாக உழைப்பதை உளவியல் பாடநூலில் 'சமூகச் சோம்பல்' என்று எழுதலாமா?

வணக்கம்.

வேண்டாம். தமிழ் வழக்கில் 'சமூகம்' என்றால் ஒரு மக்கள் பிரிவு. 'சமூகச் சோம்பல்' என்று படிக்கும் மாணவர் ஏதோ ஒரு பிரிவினர் சோம்பேறிகள் என்றுதான் முதலில் பொருள் கொள்வார். 'சோம்பல்' அதைவிடச் சிக்கல், ஏனென்றால் அது ஆளின் குணம். இங்கே பேசுவது சூழலால் வரும் குறைவு. அதே ஆள் தனியாக இழுத்தால் முழு வலுவோடு இழுப்பார்.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் 1913இல் வெளியிட்ட கயிறிழுப்பு அளவுகளில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்குக் கிடைத்த விசை, தனியாள் விசையில் 49 விழுக்காடுதான். ஆனால் இந்த இழப்பு முழுவதும் முயற்சிக் குறைவால் வந்ததன்று. எல்லாரும் ஒரே நொடியில், ஒரே திசையில் இழுப்பதில்லை. அது ஒருங்கிணைப்பு இழப்பு. நம் சொல் மற்றப் பாதியை, ஊக்க இழப்பை, மட்டும் குறிக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்துக் காட்டியவர்கள் உளவியலாளர்கள் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் (1979). கண்ணைக் கட்டி, காதில் இரைச்சல் ஒலிக்கும் ஹெட்ஃபோன் மாட்டிக் கத்தச் சொன்னார்கள். ஆறு பேர் உண்மையிலேயே சேர்ந்து கத்தியபோது தலைக்குக் கிடைத்த ஒலி, தனியாள் ஒலியில் 36 விழுக்காடு. ஆறு பேர் கத்துவதாக நம்பித் தனியாகக் கத்தியபோது 74. ஆக, ஊக்க இழப்பு 26. எஞ்சிய 38 ஒருங்கிணைப்பில் போனது. என் பரிந்துரை 'குழு மெத்தனம்'.

அன்புடன்.

---

> என் பரிந்துரை 'குழு மெத்தனம்'

சோம்பலை விலக்கியது சரி. மெத்தனத்தில் எனக்கு உடன்பாடில்லை. 'அதிகாரிகளின் மெத்தனம்' என்று செய்தித்தாள் எழுதும்போது அதில் குற்றச்சாட்டு இருக்கிறது. சோதனையில் கத்தியவர்களோ தாங்கள் குறைத்துக் கத்துகிறோம் என்பதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

'குழு'வும் பொருந்தவில்லை. அதே மூவர் 1981இல் செய்த சோதனையில், யார் எவ்வளவு ஒலி எழுப்பினார் என்பது தனித்தனியே தெரியும் என்றால் குழுவிலும் முயற்சி குறையவில்லை. ஒருபோதும் தெரியாது என்றபோது தனியாக இருந்தவர்களும் குறைத்துக்கொண்டார்கள். ஆகவே காரணம் தலை எண்ணிக்கை மட்டுமன்று. உழைப்பு ஒன்றாகக் கொட்டப்பட்டு அவரவர் பங்கு அடையாளம் இழப்பதுதான். அதற்குக் 'கூட்டு' என்பதே சரி.

'கூட்டுழைப்புத் தளர்வு' எப்படி? தளர்ச்சி என்றால் உடற்சோர்வு என்று தோன்றும். தளர்வு அப்படியன்று, கயிற்றின் இறுக்கம் குறைவதற்கும் அதே சொல்தானே.

---

ஏற்கிறேன். பெயர் நீளம்தான், ஆனால் 'தளர்வைத் தடுத்தல்', 'தளர்வு குறைந்த பணி' என்று இரண்டாம் முறை சுருக்கி எழுத இடம் தருகிறது.

பக்கத்துச் சொற்களையும் இப்போதே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் பாடநூலில் எல்லாம் கலந்துவிடும். என் பங்கு இல்லாமலே வேலை முடிந்துவிடும் என்று கணக்கிட்டு ஒதுங்குவது 'ஒட்டிப் பிழைத்தல்'. மற்றவர் ஒதுங்குவதைக் கண்டு, நான் மட்டும் ஏன் ஏமாற வேண்டும் என்று குறைப்பது 'ஏமாளித் தவிர்ப்பு'. இதற்கு நேர் எதிராக, வேலை முக்கியம், கூட்டாளிகள் செய்யமாட்டார்கள் என்று தெரிந்தால் சிலர் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே உழைப்பார்கள். அது 'ஈடுசெய் உழைப்பு'. இதை விட்டுவிட்டால் கூட்டாக வேலை செய்தாலே தளர்வுதான் என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார்.

வரையறையோடு தடுக்கும் வழியும் போகட்டும்: ஒவ்வொருவர் பங்கையும் தனித்து அளக்க வேண்டும், ஒருவர் செய்வதையே இன்னொருவரும் செய்யாதபடி பிரிக்க வேண்டும், குழுவைச் சிறிதாக வைக்க வேண்டும். ஐந்து பேர் ஒரே அறிக்கைக்கு ஒரே மதிப்பெண் வாங்கும் ஏற்பாட்டில் இந்த மூன்றுமே விடுபடுகின்றன. பெயர் போட்ட பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் முழுமைக்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுத்தால் சரியாகும். முழுமைக்கான மதிப்பெண்ணை நீக்கிவிடக் கூடாது, நீக்கினால் பகுதிகளை இணைக்கும் வேலையை யாரும் எடுக்கமாட்டார்கள்.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லையும், அதை வைத்து எழுதிய ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.