பில் பார்ம் திறக்க மாட்டேங்குது
கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை, விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் பில்லிங். பில் போடும் திரையான பார்மைத் திருத்திச் சேமிக்கும்போது கரண்ட் போனது. இப்போது திருத்தப் போனால் மெமோ ஃபைல் சரியில்லை என்கிறது. முன்பே தயாரித்த புரோகிராமான பழைய இஎக்ஸ்இ ஓடுவதால் முதலாளிக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பதில்: அண்ணே, முதல்ல பார்மின் ஃபைல்களான எஸ்சிஎக்ஸ் (SCX), எஸ்சிடி (SCT) இரண்டையும் தனியாகக் காப்பி எடுங்க. பார்ம் என்பதே ஒரு டேபிள்தான், எஸ்சிடி அதன் மெமோ, அதாவது கோடு போன்ற நீளமான எழுத்து இருக்கும் ஃபைல். அதன் சைஸ் பூஜ்ஜியமா?

கேள்வி: இல்லை தம்பி, 212 கேபி.

பதில்: அப்ப உயிர் இருக்கு. ஃபைலின் அமைப்பைச் சொல்லும் முதல் 512 பைட் ஹெடர் அடிபட்டிருக்கலாம். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில், நல்ல பார்மின் எஸ்சிடியோடு ஒப்பிட்டுப் பாருங்க. நோட்பேடில் திறந்தாலே கிளிக் ஈவென்ட் கோடு எழுத்தாகத் தெரியும், அதையாவது அள்ளிடுங்க.

இன்னொருவர்: ஹெடர் சரியானதும் யூஸ் கமாண்டில் டேபிளாகத் திறந்து, கம்பைல் ஆன கோடு இருக்கும் ஆப்ஜ்கோடு ஃபீல்டைக் காலி பண்ணி, அதை மறுபடி உருவாக்க கம்பைல் பார்ம் கமாண்ட் கொடுங்க. அப்புறம், யுபிஎஸ் வாங்கச் சொல்லுங்க. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இது நடந்தால் முதலாளிக்குத் தெரியாமல் இருக்காது.