எந்த ஊர் என்று கேட்பதை விட்டது எப்படி

மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருபத்திரண்டு ஆண்டுகள் தென் மாவட்டங்களிலும் நீலகிரியிலும் பேருந்தும் ரயிலுமாக அலைந்தவன் நான். வழியில் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால், முகங்களுக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்து நிற்கிறது. "எந்த ஊர்?" என்பது அந்தக் கேள்வி. பக்கத்து இருக்கையில் வந்து அமர்பவர் பையை மடியில் வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்ட பிறகு, நம்மவர்கள் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தை நான் விடுவதற்குக் காரணமாக இருந்த மூன்று பேரைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலாமவர் ஒரு கல்லூரி மாணவர். 2009ஆம் ஆண்டு, திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் மாலைப் பேருந்து. மூவர் இருக்கையில் நான் ஜன்னலோரம், அவர் நடுவில், அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். "தம்பி எந்த ஊரு?" என்றார் பெரியவர். "சங்கரன்கோவில் சார்" என்றார் மாணவர். "சங்கரன்கோவில்ல எங்க?" "டவுன்லதான்." "டவுன்ல எந்தத் தெரு? அப்பா என்ன வேலை பாக்காவ?" கேள்விகள் ஒவ்வொன்றும் மிகுந்த மரியாதையோடுதான் வந்தன. மாணவரோ பயணச்சீட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து ஊசிபோல மெல்லியதாக உருட்டிக்கொண்டே, ஒவ்வொரு பதிலையும் முந்தைய பதிலைவிடச் சிறியதாகச் சொன்னார். சங்கரன்கோவிலுக்குப் பல கிலோமீட்டர் முன்பாகவே, விளக்கு இல்லாத ஒரு விலக்கில் அவர் எழுந்து இறங்கிக்கொண்டார். "பாத்தியளா, டவுனுன்னு சொன்னான்" என்று பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெளியூர் நண்பர்களுக்கு இது விளங்காமல் போகலாம் என்பதால் சற்று விளக்குகிறேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பிறகு வந்த தலைமுறைகளில் பெரும்பாலோர் பட்டத்தை விட்டு, தந்தை பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பிற மாநிலங்களில் பெயரைக் கேட்ட உடனே தெரிந்துவிடும் ஒன்று தமிழ்நாட்டில் பெயரால் தெரியாமல் போனது. இது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு போகவில்லை. அது ஊர்ப் பெயருக்குள்ளும் தெருப் பெயருக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது. ஊருக்குள்ளே எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு, 'ஊரா, காலனியா', அதாவது ஒடுக்கப்பட்ட சாதியினரின் தனிக் குடியிருப்பா என்றுதான் பொருள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். பயணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் 1997ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த, கட்டபொம்மன் படையின் வீரரான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டதையொட்டித் தென் மாவட்டங்களில் மோதல் வெடித்து, கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு மொத்தமாக நீக்கும்படி ஆனது. ஒரு பேருந்தின் நெற்றியில் யாருடைய பெயர் இருக்கலாம் என்பதற்கே அத்தனை பகை இருந்த மண்ணில், நடு இருக்கையில் அகப்பட்டுக்கொண்ட ஓர் இளைஞர் தன் ஊரை மறைத்ததைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை நான் உடனே உணர்ந்துவிடவில்லை. இரண்டாவது சந்திப்பு வரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அது கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டிக்குப் போகும் பேருந்தில் நடந்தது. பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடியில் துணிப்பை ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல, "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவு முழுவதும் யோசித்துவிட்டு, "எதச் சொல்ல தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர் என்று கேள்விப்பட்டிருக்கிறாரே தவிர, துறையூரை அவர் பார்த்ததில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போட்டது. அந்த மீதிப் பேரையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களை நான் படித்திருக்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்த ஒருவரின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது அதுவே முதல் முறை.

பதினோரு வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து அனுப்பிய இடமான கூடலூருக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஏறும்போது அவருடைய அப்பா ஒரு தகரப் பெட்டிக்குள் தேயிலை விதைகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தாராம். போகிற இடத்திலும் தேயிலைதான் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டிருந்தன. அவரும் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்திருக்கிறார். கைகளைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சந்திக்கும் இடத்தில் கறை ஏறி, தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

"அங்க இருக்கயில இந்தியாக்காரவங்கன்னாங்க. இங்க வந்து இத்தன வருசமாச்சு, இன்னும் சிலோன்காரம்மாதான். கடைக்காரன் கணக்கு நோட்டுல எம் பேர எழுத மாட்டான், சிலோன்னு எழுதுவான்" என்றார். குரலில் கோபம் இல்லை. மகள் வீட்டுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஊட்டியில் இறங்கும்போது, "கேட்டீங்களே, அதுக்கே சந்தோசம்" என்றார். அவருக்கு அந்தக் கேள்வி வலிக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஓர் எளிய வழிப்போக்குக் கேள்வி என்று நான் நினைத்திருந்தது, ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடிக்கொண்டிருக்கிற கேள்வியாக இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் கண்டேன்.

மூன்றாவது சந்திப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து புறப்படும் கோரமண்டல் விரைவு ரயிலில் விசாகப்பட்டினம் வரை போனேன். எதிரே ஓர் இளைஞர். சென்னைக்குப் பக்கத்தில் உலோகம் உருக்கி வார்க்கும் ஓர் ஆலையில் வேலை. "பீகாரா?" என்று கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டார். வெகுநேரம் கழித்து, கைப்பேசியில் யாருடனோ ஒடியாவில் பேசி முடித்த பிறகு, தமிழும் இந்தியும் கலந்து அவராகவே சொன்னார்: ஊர் கஞ்சாம் மாவட்டம், சிலிகா ஏரிக்கரை, பீகார் இல்லை என்று முதல் வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம், பிறகு விட்டுவிட்டாராம். ஏரியின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவற்றில் ஒன்றில், படகில் நின்றிருந்த அவருடைய தாயார் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2023 ஜூன் 2 அன்று அதே பெயருடைய ரயில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், பஹாநாகா பஜார் நிலையத்தில் விபத்துக்குள்ளானபோது, அந்த இளைஞரின் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஊரைத் தப்பாகக் கேட்டவன், பெயரைக் கேட்கவே இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியின் பயணச்சீட்டில் பெயர் இருப்பதில்லை. அந்த விபத்தில் இறந்தவர்களில் 28 பேரின் உடல்களை நான்கு மாதங்கள் காத்திருந்தும் யாரும் உரிமை கோராததால் புவனேசுவரத்தில் அரசே தகனம் செய்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஊர் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தன் பிறந்த வீட்டுப் பக்கத்து ஆள் யாராவது கிடைக்க மாட்டார்களா என்ற ஏக்கத்தில் கேட்கும் பாட்டிமார்களையும், ஊரைச் சொன்னதும் முகம் மலர்ந்து அங்குள்ள குளத்தையும் கோயிலையும் விசாரிப்பவர்களையும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். கேட்பவரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பதில் சொல்பவருக்குத் தெரியாது என்பதுதான் என் வருத்தம். அந்தச் சந்தேகத்தின் சுமை எப்போதும் பதில் சொல்பவர் தலையில்தான் விழுகிறது.

இப்போதெல்லாம் நான், "எங்கே இறங்கணும்?" என்று மட்டும் கேட்கிறேன். சென்ற மாதம் மதுரையிலிருந்து வரும்போது பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் அப்படிக் கேட்டேன். விருதுநகர் என்றார். இரவு வெகுநேரம் படித்திருப்பார் போலும், "தூங்கிட்டேன்னா எழுப்பி விடுறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, பையைத் தலைக்கு அணைவாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விருதுநகர் வருவதற்குச் சற்று முன்பு அவரை எழுப்பி விட்டேன்.