மறு: ‘மம்மி மேக்கோவர்’ – ‘ஒருங்கறுவை’ என்று சொல்லலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தளர்ந்த வயிறு, மார்பகம் முதலியவற்றை ஒரே நேரத்தில் அறுவை செய்து சீரமைப்பதைத்தான் ‘மம்மி மேக்கோவர்’ என்கிறார்கள். அதற்கும், நோயாளிகளுக்கான அதன் கையேட்டில் வரும் மற்றவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. சொற்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் எதற்குச் சொல் தேடுகிறோம் என்பதில் ஆளுக்கொரு எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. அதனால் வந்த மடல்களிலிருந்து சில வரிகளை எடுத்து, அவற்றுக்குக் கீழேயே என் கருத்தை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, நோயாளிகளுக்கான கையேடுகளை மொழிபெயர்ப்பவன். மருத்துவச் செய்தியில் திருத்தம் இருந்தால் குழுவிலுள்ள மருத்துவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

> ‘முழு உடல் ஒப்பனை’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். முகம் கழுவினால் போய்விடுகிற ஒன்று என்று புரியும்! நடப்பது என்னவென்று பாருங்கள். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை கீறி, தளர்ந்த தோலையும் அதற்கடியில் இருக்கும் கொழுப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். கருவுற்ற காலத்தில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை நடுக்கோட்டுக்கு இழுத்துத் தைக்கிறார்கள். மேல் தோலைக் கீழே இறக்கிய பிறகு தொப்புளுக்குப் புது வழி வெட்டுகிறார்கள். அதே மயக்கத்திலேயே மார்பகத்தை உயர்த்துவதோ, சிறிதாக்குவதோ, உள்வைப்பு பொருத்துவதோ நடக்கிறது. கூடவே இடுப்புப் பக்கத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதும் உண்டு. எல்லாம் முடிய ஐந்தாறு மணி நேரம்கூட ஆகலாம். இதற்கு ‘ஒப்பனை’ என்று பெயர் வைத்தால், படிப்பவர் வெள்ளிக்கிழமை போய்விட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போடுவார்.

> மூலத்தில் ‘மம்மி’ இருக்கிறது. ‘தாய்மைச் சீரமைப்பு’ என்றால் அழகாக இருக்குமே.

மூலச் சொல் மருத்துவச் சொல்லே இல்லை அம்மா, விளம்பரத்துக்காகப் பிறந்த பெயர். அதை அப்படியே தூக்கிவர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. இன்னொன்று, உடல் எடையைப் பெருமளவு குறைத்தவர்களுக்கும் வயிறு, மார்பு, தொடை எல்லாவற்றிலும் தோல் தொங்கும். அவர்களில் ஆண்களும் உண்டு. அவர்களுக்குச் செய்வதும் இதே வகை அறுவைதான். ‘தாய்மை’ என்று வைத்தால் அவர்களை எங்கே சேர்ப்பது?

> பிளாஸ்டிக் சர்ஜரி ‘நெகிழி அறுவை’ என்றால், இது ‘நெகிழிக் கூட்டறுவை’.

நெகிழியை விட்டுவிடுவோம். எட்வார்ட் ட்ஸைஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அந்தப் பெயரைத் தன் நூலின் தலைப்பிலேயே வைத்தது 1838இல். முதல் முழுச் செயற்கை நெகிழியான பேக்கலைட் வந்ததோ 1907இல். உருவாக்குதல், வடித்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. வாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘கூட்டறுவை’யை மட்டும் எடுத்துக்கொண்டால் பக்கத்தில் வந்துவிட்டோம். ஆனால் ‘கூட்டு’ என்றதும் கூட்டுப் பண்ணை, கூட்டு முயற்சி என்று பலர் சேர்ந்து செய்வதுதான் நினைவுக்கு வருகிறது. பல மருத்துவர்கள் கூடிச் செய்வது என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். இன்னொரு நண்பர் சொன்ன ‘தொகுப்பறுவை’யில் சலுகை விலை வாடை அடிக்கிறது.

என் பரிந்துரை: ஒருங்கறுவை. ஒருங்கு + அறுவை. வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உடல்வடிவ ஒருங்கறுவை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

இதை ஏன் விரும்புகிறேன் என்றால், நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி அந்த ‘ஒருங்கே’தான். ஒரே மயக்கம், ஒரே தேறுகாலம் என்பதற்காகத்தான் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலையும் அங்கேதான் இருக்கிறது. நேரம் கூடக்கூட உடல் வெப்பம் இறங்கும், இரத்த இழப்பு கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய அச்சம், காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடுவது. வயிற்றுச் சீரமைப்பை வேறு அறுவைகளோடு சேர்க்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. இதை முன்கூட்டியே எடைபோடக் காப்ரினி மதிப்பெண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் 45 நிமிடத்தைத் தாண்டும் அறுவைக்கே 2 புள்ளி. வயது 41 முதல் 60 வரை என்றால் ஒன்று, கருத்தடை மாத்திரை எடுத்தால் ஒன்று, முன்பு எப்போதாவது சிரையில் இரத்தம் உறைந்திருந்தால் மூன்று. இப்படிக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்தத்தைப் பார்த்து, காலை அழுத்திவிடும் கருவி போதுமா, இரத்த உறைவைத் தடுக்கும் ஊசியும் வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் இரண்டாகப் பிரித்து, சில மாத இடைவெளியில் செய்யும் மருத்துவர்கள் பலர்.

அப்படிப் பிரித்துச் செய்வதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘படியறுவை’ என்று வைக்கலாம். (‘தவணை அறுவை’ என்றுதான் முதலில் தோன்றியது. கடன் வாங்கிச் செய்துகொள்வது போல இருக்கிறது, வேண்டாம்.) ஒருங்கறுவையா படியறுவையா என்று நோயாளியே மருத்துவரிடம் கேட்கிற அளவுக்கு இந்த இணை எளிதாக இருக்கிறது.

> ‘அறுவை’ என்றாலே பேச்சில் வேறு பொருள். எல்லாரும் சேர்ந்து மொக்கை போடுவதா ஒருங்கறுவை?

நன்றாகச் சிரித்தேன். இந்த மடலின் நீளத்தைப் பார்த்தால் நீங்கள் சொல்வதும் சரிதான். ஆனால் அறுவை அரங்கு, அறுவை மருத்துவர் என்றெல்லாம் புழங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்? இலங்கை நண்பர்கள் ‘சத்திரசிகிச்சை’ என்பார்கள். அவர்கள் கையேட்டில் ‘ஒருங்கு சத்திரசிகிச்சை’ என்று போட்டாலும் பொருந்தும்.

அடுத்தது, அறுவைக்கு முன் உடலைத் தயார்படுத்துவது.

> ‘முன்தேற்றம்’ அல்லது ‘முன்தேறல்’ என்று சொல்லலாம்.

தேற்றம் என்றதும் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் வந்து நிற்பார். தேறல் இன்னும் மோசம், சங்க இலக்கியத்தில் அது தெளிந்த கள். அறுவைக்கு முன்னால் மதுவையும் நிறுத்தச் சொல்கிற பக்கத்துக்கு அப்படித் தலைப்பு வைக்க முடியாது. ‘முன்னாயத்தம்’ ஏற்கெனவே இலங்கையில் நன்றாகப் புழங்கும் சொல், அதையே எடுத்துக்கொள்வோம்.

இந்தப் பகுதியில் தலைப்பைவிட உள்ளே வரும் சொற்களில்தான் எனக்குக் கவலை அதிகம். மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ‘புகைப்பதை நிறுத்தவும்’. வழக்கமாக அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். காரணம் நிகோட்டின். அது நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். வயிற்றுத் தோலை அடியிலிருந்து பிரித்துத் தூக்கி இழுத்துத் தைக்கும்போது, அதற்கு இரத்தம் வரும் வழிகளில் பல ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். மிச்சமுள்ளதும் சுருங்கினால் தையலோரம் தோல் கறுத்து அழுகிப்போகும். புகையை விட்டுவிட்டேன் என்று நிகோட்டின் பட்டையை ஒட்டிக்கொண்டோ, நிகோட்டின் மிட்டாயை மென்றுகொண்டோ வந்தாலும் அதே கதைதான். ஆகவே தலைப்பு ‘நிகோட்டின் நிறுத்தம்’ என்றே இருக்கட்டும். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அதில் அடங்கிவிடும்.

இரண்டு, ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகள்’. இந்தத் தொடரைப் படிப்பவர் ஆஸ்பிரினைச் சொல்வார், மீனெண்ணெய் மாத்திரையையும் வைட்டமின் ஈயையும் பூண்டு மாத்திரையையும் சொல்லமாட்டார். அவை மருந்து என்றே அவருக்குத் தோன்றாது. உண்மையில் இரத்தம் நீர்த்தும் போவதில்லை, உறைவதுதான் தாமதமாகிறது. ‘இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவை’ என்று எழுதி, மேலே சொன்னவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் கையேட்டைப் பார்த்துத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

மூன்று, ‘வெறும் வயிறு’. நம் பேச்சில் அதற்குக் காலையில் எழுந்ததும் என்றுதான் பொருள். மயக்க மருத்துவர் கேட்பதோ மணிக்கணக்கு. பொதுவாக இலேசான உணவிலிருந்து 6 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மத்திலிருந்து 2 மணி நேரம். ‘உண்ணா நேரம்’ என்று ஒரு சொல் வைத்தால் மணிக்கணக்கு தானாக வந்துவிடும். எடை குறைக்க ஊசி போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். செமாகுளுடைடு போன்ற மருந்துகள் வயிறு காலியாவதை மெதுவாக்கும். அவர்கள் 6 மணி நேரம் இருந்தும் வயிற்றில் உணவு மிச்சமிருக்கலாம், அதனால் மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எடை சில மாதங்களாக நிலையாக இருப்பது, இரத்தச்சோகை இருந்தால் சரிசெய்வது, மறுபடி பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுவது, இவற்றில் சொல்சிக்கல் இல்லை. எளிய தமிழிலேயே எழுதிவிடலாம்.

இனி அறுவைக்குப் பின். ‘தேறுகாலம்’ என்று எழுதிய தோழியின் சொல் அருமை. ‘உடம்பு தேறிட்டுதா?’ என்று கேட்பது நம் வழக்கம், புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவர் வரைவில் இருந்த ஒரு தொடரை மட்டும் நீக்கியே ஆக வேண்டும்:

> முதல் இரண்டு வாரம் பூரண ஓய்வு.

நம் ஊரில் பூரண ஓய்வு என்றால் கட்டிலை விட்டு இறங்காமல் இருப்பது, வீட்டிலுள்ளவர்களும் இறங்க விடமாட்டார்கள். இங்கே அது ஆபத்து. அறுவை நடந்த அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்கவைப்பதே காலில் இரத்தம் உறையாமல் இருக்கத்தான். முதல் சில நாட்கள் இடுப்பைச் சற்று வளைத்துக்கொண்டுதான் நடக்க முடியும், தையல் இழுக்கும். படுக்கும்போதும் முதுகையும் முழங்காலையும் உயர்த்தியே படுக்கச் சொல்வார்கள். தவிர்க்க வேண்டியது பளு தூக்குவதை. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இதுதான் உண்மையான சோதனை, குழந்தையும் அந்தக் கணக்கில் வந்துவிடும். ‘நடமாட்டம் உண்டு, பளு இல்லை’ என்று எழுதலாம்.

அறுவை செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் குழாய்க்கு ‘வடிகுழாய்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. 24 மணி நேரத்தில் வடியும் அளவு 30 மில்லிலிட்டர் அளவுக்குக் குறைந்தால் எடுத்துவிடுவது பல மருத்துவர்களின் வழக்கம். அதனால் நாள்தோறும் அளவு எழுதிவைக்கக் கையேட்டில் ஒரு கட்டம் போட வேண்டும். குழாயை எடுத்த பிறகும் தோலுக்கடியில் நீர் சேரலாம். அதற்கு ‘நீர்க்கட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் ஐயா. அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் சினைப்பையில் கட்டி என்று பயந்துபோவார்கள். ‘ஊநீர்த் தேக்கம்’ பொருத்தமாக இருக்கும். ஊசியால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறுவைக்குப் பின் வீக்கம் குறைய அணியும் ஆடைக்கு வந்த ‘இறுக்காடை’யிலும் எனக்கு உடன்பாடில்லை. பெயரிலேயே இறுக்கு என்று இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கத்தான் தோன்றும். மிகையாக இறுக்கினால் தோலுக்கு இரத்தம் குறையும். ‘அழுத்த ஆடை’ போதும்.

வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். மாலையானால் கூடுவதும் காலையில் குறைவதுமாக இருக்கும். அடிவயிற்றில் மரத்துப்போன உணர்வும் நெடுநாள் நீடிக்கலாம். தழும்பு முதிர்ந்து மங்க ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு. முதல் சில வாரங்களில் கண்ணாடி பார்த்து அழுகிறவர்கள் நிறையப் பேர் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அதை எழுதாத கையேட்டைப் படித்தவர், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வார்.

‘அபாய அறிகுறிகள்’ தனிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரட்டும், அங்கே புதுச்சொல் ஒன்றுகூட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், ஒரு பக்க மார்பகம் திடீரென்று புடைத்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தையலோரம் கறுத்தால் உடனே மருத்துவமனை.

அகராதிக்கு என் வரைவு:

ஒருங்கறுவை: ஒரே மயக்கத்தில், உடலின் வெவ்வேறு பகுதிகளில் செய்யப்படும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அறுவைகள். எதிர்: படியறுவை.

உடல்வடிவ அறுவைக்கு வெளியேயும் இது பயன்படும் என்பதால் விளக்கத்தில் அழகு என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மயக்க மருத்துவர் யாராவது ‘ஒரே மயக்கத்தில்’ என்பது சரிதானா, ‘ஒரே அமர்வில்’ என்று மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொன்னால் நல்லது. கொழுப்பு உறிஞ்சலை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தும் செய்கிறார்கள், அப்போது என் விளக்கம் இடிக்கும்.

அன்புடன்.