சந்தேகம்: ஒரே தெரு, ஒரே காலை, இரண்டு குளோரின் அளவு. எங்கள் தன்னார்வக் குழுவுக்கு வழி சொல்லுங்கள்

நீர்க்குறிஞ்சி (செவ்வாய் இரவு)

வணக்கம். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர்ப் பரிசோதனைத் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். லேப் டெக்னீஷியன்கள், ஓய்வு பெற்ற கெமிஸ்டுகள், குடிநீர்த் திட்ட இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். அதில் கிராமக் குடிநீர்த் தன்னார்வக் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். மாதம் இரண்டு ஞாயிறு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்க் குழாய்த் தண்ணீரில், கிருமியைக் கொல்லப் போட்டதில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று பார்த்து ஊராட்சிக்கு எழுதிக் கொடுப்போம். 11 பேராக ஆரம்பித்தோம். இப்போது ஒழுங்காக வருவது 5 பேர்.

போன ஞாயிறு இரண்டு அணியாகப் பிரிந்து ஒரே தெருவில் மூன்று இடம் பார்த்தோம். முதல் அணியிடம் புதிதாக வாங்கிய டிபிடி மாத்திரை கிட், குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டுவது. இரண்டாம் அணியிடம் சங்கத்தின் பழைய குளோரோஸ்கோப், ஆர்த்தோடாலிடின் என்ற மருந்தை ஊற்றி, வரும் மஞ்சளை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வந்த அளவு இது (பிபிஎம், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்):

டேங்குக்கு அடுத்த முதல் வீடு: டிபிடியில் 0. குளோரோஸ்கோப்பில் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சு, அட்டையில் அந்த நிறமே இல்லை.
தெருவின் நடுவில்: டிபிடியில் 0.6, குளோரோஸ்கோப்பில் 0.5.
கடைக்கோடி: இரண்டிலும் 0.

ஆர்த்தோடாலிடின் பாட்டில் பழசு, அதனால்தான் கண்டபடி நிறம் வருகிறது என்று நானே முடிவு செய்து, டிபிடி அளவை மட்டும் அறிக்கையில் எழுதினேன். "முதல் வீட்டிலேயே குளோரின் இல்லை" என்று அந்த ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டோம். மறுநாள் ஊராட்சிச் செயலர் தன் குளோரோஸ்கோப்பை எடுத்துவந்து, தலைவர் முன்னால் அதே வீட்டுக் குழாயில் பிடித்துக் காட்டினார். நல்ல நிறம் வந்தது. "நீங்க படிச்சவங்கதானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று வந்த கல்லூரிப் பெண்கள் இருவரும் இனி வரவில்லை என்கிறார்கள். குழுவை நிறுத்திவிடலாமா என்று சங்கத்திலும் பேச்சு. எனக்கு நிறுத்த மனம் இல்லை. கிட் தப்பா, எங்கள் கை தப்பா, தண்ணீரே அப்படியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கெமிஸ்ட்

அம்மா, நிறுத்த வேண்டாம். மூன்று கேள்வி. முதல் வீட்டில் மாத்திரை தண்ணீரில் விழுந்த அந்த நொடியில் ரோஸ் நிறம் தெரிந்து மறைந்ததா? அந்த வீட்டில் யாராவது தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்றார்களா? அன்று டேங்கில் பிளீச்சிங் பவுடர் போட்டது எத்தனை மணிக்கு?

முதல் இரண்டுக்கும் ஆமாம் என்றால் அங்கே குளோரின் இல்லாமல் போகவில்லை, அளவுக்கு மீறி இருந்திருக்கிறது. டிபிடியில் குளோரின் ஏற ஏற ரோஸ் நிறமும் ஏறும். ஆனால் 10 பிபிஎம் பக்கம் போனால் அந்தக் குளோரினே நிறத்தை வெளுத்துவிடும். சோதனைக் குழாயில் வெறும் தண்ணீர் மாதிரி நிற்கும், நாம் 0 என்று எழுதிவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். ஆர்த்தோடாலிடினில் அளவு மீறினால் மஞ்சள் போய் ஆரஞ்சு, சிவப்பு என்று போகும். நீங்கள் ஒதுக்கிய பழைய பாட்டில்தான் அன்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

நீர்க்குறிஞ்சி

ஐயா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. மாத்திரை போட்ட பெண் அப்போதே சொன்னாள்: "அக்கா, போட்டதும் ஒரு நொடி சிவந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல." கடைசியில் என்ன நிறமோ அதை எழுது என்று நான்தான் சொன்னேன். அந்த வீட்டு அம்மாவும் முதல் குடத்தை வாசற்படி ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, "இன்னிக்கு மருந்து ஜாஸ்தி" என்றார். மூக்கு சொன்னதையும் கேட்கவில்லை, அந்தப் பெண் சொன்னதையும் கேட்கவில்லை. பவுடர் எப்போது போட்டார்கள் என்பதை விசாரிக்கிறேன்.

பழைய கெமிஸ்ட்

சரி, இனி செய்ய வேண்டியது. 0 வந்தால் அந்தச் சோதனைக் குழாயிலேயே இன்னொரு மாத்திரை போடுங்கள். ரோஸ் மின்னி மறைந்தால் சந்தேகம் உறுதி. அப்புறம் ஊசி கழற்றிய சிரிஞ்சில் 1 மில்லி சாம்பிள் எடுத்து, குளோரின் இல்லாத தண்ணீர் 9 மில்லி சேர்த்து மறுபடி பாருங்கள். வந்த அளவை 10-ஆல் பெருக்குங்கள். கலக்கப் போகும் தண்ணீரில் முதலில் கொஞ்சம் தனியாக எடுத்து ஒரு மாத்திரை போட்டு, நிறம் வரவில்லை என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். டிஸ்டில்ட் வாட்டர் இருந்தால் நல்லது.

மாத்திரையைக் கையால் தொடாதீர்கள், உறையிலிருந்து நேராகச் சோதனைக் குழாயில் தள்ளுங்கள். கிட்டில் இருக்கும் முதல் எண் மாத்திரை (எதோடும் சேராத தனிக் குளோரினைக் காட்டுவது) கரைந்ததும் ஒரு நிமிடத்துக்குள் அளவைப் படித்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் அம்மோனியா மாதிரி எதனோடாவது கலந்து கிடக்கும் குளோரினும் மெல்ல நிறம் காட்டத் தொடங்கும். ஆர்த்தோடாலிடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுங்கள். அது உடம்புக்கு ஆகாத பொருள், புற்றுநோய்ச் சந்தேகம் உண்டு. இருக்கிறவரை கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோதித்த தண்ணீரை யார் வீட்டு முற்றத்திலும் ஊற்றாதீர்கள்.

கடைமடை

நான் குடிநீர் விநியோகத்தில் இருக்கிறேன். முதல் வீட்டு விஷயம் தெளிந்துவிட்டது. எனக்குக் கவலை கடைக்கோடி 0 தான். அங்கே சாம்பிள் எங்கே பிடித்தீர்கள், குழாயிலா குடத்திலா? எத்தனை மணிக்கு?

நடுத்தெருவில் 0.6 வந்ததற்குக் காரணம் இருக்கிறது. டேங்க் நிறைந்த பிறகு பவுடரை உலர்ந்தபடியே கொட்டினால் அது அடியில் போய்த் தங்கும், வால்வு திறந்ததும் ஒரே கட்டியாகக் கிளம்பும். நீங்கள் பார்த்த நேரத்தில் கட்டி முதல் வீட்டில் இருந்திருக்கும், நடுத்தெருவுக்கு அப்போது முந்தின நாள் குழாயில் நின்ற தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.

நீர்க்குறிஞ்சி

கடைக்கோடிக்குப் போகும்போது 8 மணி தாண்டிவிட்டது, தண்ணீர் நின்றுவிட்டது. திண்ணையில் இருந்த குடத்திலிருந்து எடுத்தோம். இரண்டு அணியும் அதே குடம்.

கடைமடை

அப்படியானால் அது இரண்டு சோதனை அல்ல. ஒரு குடத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். திறந்த குடத்தில் மணிக்கணக்கில் நின்றாலே குளோரின் குறைந்துவிடும்.

தண்ணீர் ஓடும்போது போங்கள். வீட்டுக் குழாயை ஒன்றிரண்டு நிமிடம் திறந்துவிட்டு நேராகப் பிடியுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 குறைந்தது 0.2 பிபிஎம் தனிக் குளோரின் கேட்கிறது, வைரஸ் தொற்று பயம் இருந்தால் 0.5. தனிக் குளோரின் 0 வந்தால் மூன்றாம் எண் மாத்திரையும் சேர்த்து, இரண்டு நிமிடம் பொறுத்து, தனியாக இருப்பதும் கலந்து கிடப்பதும் சேர்ந்த மொத்தக் குளோரினைப் பாருங்கள். அதில் நிறம் வந்தால் வழியில் அம்மோனியா மாதிரி ஏதோ கலந்து குளோரினைப் பிடித்து வைத்திருக்கிறது. சாக்கடை பக்கத்தில் ஓடும் பைப்லைனாக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, கடைக்கோடி வீடுகளில் குழாயடிக் குழி இருக்கிறதா? மேலே தண்ணீர் ஏறாது என்று பள்ளம் வெட்டிக் குழாயைக் கீழே இறக்கியிருப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்தக் குழியில் தேங்கும். விநியோகம் நின்றதும் பைப்பில் அழுத்தம் இறங்கி, குழித் தண்ணீர் உள்ளே போகும். குளோரின் எவ்வளவு போட்டாலும் அங்கே நிற்காது.

டேங்க் ஆபரேட்டர்

நான் கெமிஸ்ட் இல்லை, ஒரு ஊராட்சியில் மூன்று டேங்க் பார்க்கிறேன். இதில் எங்கள் பக்கத்தையும் எழுதுகிறேன்.

பவுடர் மூட்டையாக வரும். எவ்வளவு போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் கிடையாது, தராசும் கிடையாது. ஏணியில் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் மக்கோடு ஏறுவோம். மேலே போனதும் கண்ணும் மூக்கும் எரியும், கொட்டிவிட்டு இறங்குவோம். கீழேயே வாளியில் கலக்கி, தெளிந்த தண்ணீரை மட்டும் மேலே கொண்டுபோகலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் ஒரு சங்கத்துக்காரர்தான். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைக்க வேண்டும், அப்புறம் வாளியை நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட வேண்டும். மோட்டார் ஓடி டேங்க் நிறையும்போதே ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வு திறப்பேன்.

நீங்கள் எழுதிய செய்தியைப் படித்த அந்த ஊர்ச் சனம் முதலில் போய்க் கேட்டிருப்பது ஆபரேட்டரைத்தான். மாத்திரையை எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

நீர்க்குறிஞ்சி

அண்ணா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். நாளையே அவரைப் போய்ப் பார்க்கிறேன். 30,000 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு பவுடர் சொல்லலாம்?

பழைய கெமிஸ்ட்

2 பிபிஎம் போட வேண்டும் என்றால் 30,000 லிட்டருக்கு 60 கிராம் குளோரின். பவுடரில் 30 சதவீதம் இருந்தால் 200 கிராம். புது மூட்டையில் 33 சதவீதம் வரை இருக்கும், வாய் திறந்து வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் வேகமாக இறங்கிவிடும். அதனால் 200-ல் ஆரம்பித்து, கடைக்கோடிக் குழாயில் என்ன நிற்கிறது என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

தெற்குத் தன்னார்வலர்

குழு விஷயமாகச் சொல்கிறேன், நாங்கள் ஆறு வருடமாக நடத்துகிறோம். ஆள் குறைவதற்குக் காரணம் வேலை அதிகம் என்பதல்ல. தப்பு நடந்தால் யார் தலையில் விழும் என்ற பயம்தான். எங்கள் தாளில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் நேரம், குழாயா குடமா, பார்த்தவர் கையெழுத்து, மறுபடி பார்த்த இன்னொருவர் கையெழுத்து என்று கட்டம் இருக்கும். "வேறு என்ன தெரிந்தது" என்று ஒரு வரியும் உண்டு. வாடை, நிறம், வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் அதில். உங்கள் மாணவி சொன்னதற்கு அப்படி ஒரு இடம் இருந்திருந்தால் அன்றே பிடித்திருப்பீர்கள். அவளை நேரில் பார்த்து, நீ பார்த்ததுதான் சரி என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். ஊராட்சிக்குக் கொடுங்கள், அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கரும்பலகை

கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. குடிக்கிறவருக்குச் சொல்லாமல் ஊராட்சிக்கு மட்டும் சொன்ன அறிக்கைகள் பீரோவில் தூங்குவதைப் பார்த்தவன் நான். யார் வீட்டுக் குழாயில் பிடித்தோமோ அவருக்கு அன்றே சொல்ல வேண்டும்.

தெற்குத் தன்னார்வலர்

வீட்டுக்காரருக்குச் சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை. மறுசோதனை முடியும்வரை ஊர் முழுக்கப் பரப்ப வேண்டாம் என்கிறேன். 0 என்று எழுதிய தண்ணீரில் 10 இருந்தால், பயந்துபோன ஆபரேட்டர் இன்னும் ஒரு மக் கொட்டுவார்.

கரும்பலகை

அது நியாயம். மறுசோதனையை அதே நாளில் முடியுங்கள். ஒரு வாரம் இழுத்தால் என் பயம்தான் பலிக்கும்.

நீர்க்குறிஞ்சி (அடுத்த ஞாயிறு மாலை)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

வியாழன் காலை 5 மணிக்கு அந்த மாணவியோடு டேங்கடிக்குப் போனேன். ஆபரேட்டர் முதலில் முகம் கொடுக்கவில்லை. இந்த இழையில் இருக்கும் அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், அதற்கப்புறம் பேசினார். வழக்கமாகப் போடுகிற மக்கைக் கொண்டுபோன தராசில் வைத்தோம். 700 கிராம், டேங்க் நிறைந்த பிறகு உலர்ந்தபடியே கொட்டுவது. அன்றும் அப்படியே போடச் சொன்னோம். முதல் வீட்டில் 0. மாத்திரை விழுந்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தோம், ரோஸ் நிறம் புகை மாதிரி எழும்பி மறைந்தது. சிரிஞ்சில் 1 மில்லி எடுத்துப் பத்து மடங்காக்கிப் பார்த்தால் 1.1. அதாவது 11 பிபிஎம். அதை அவரே தன் கண்ணால் பார்த்தார். முதல் மூன்று வீட்டிலும் சொல்லி, பிடித்த தண்ணீரைக் கொட்டவைத்து, தெருக்குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியேற்றினோம். செயலரிடம் போய், எங்கள் அறிக்கை தப்பு, உண்மை இது என்று எழுதிக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பிலும் திருத்தம் போட்டேன்.

இன்று 200 கிராம், வாளியில் கரைத்துத் தெளிந்தது மட்டும். முதல் வீடு 0.8, நடுவில் 0.5, கடைக்கோடியில் ஓடும் குழாயில் 0.1. மூன்றாம் எண் மாத்திரை சேர்த்தால் 0.4. கடைமடை சார் சொன்ன குழி அங்கே இருக்கிறது, முழங்கால் ஆழம், குழாய் மூக்குக்கு ஒரு சாண் கீழே சோப்பு நுரை.

கடைமடை

0.1-க்கும் 0.4-க்கும் நடுவில் அத்தனை வித்தியாசம் என்றால் உள்ளே ஏதோ கலக்கிறது. பவுடரைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம். கடைசி நான்கு வீட்டுக் குழாயைத் தரைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் நுண்ணுயிர்ச் சோதனைக்கு அனுப்புங்கள். கிருமி நீக்கிய பாட்டில், அதில் குளோரினைப் போக்கும் தயோசல்பேட் இருக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே லேபில் சேருங்கள்.

பழைய கெமிஸ்ட்

கூடவே எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைக் குப்பி இரண்டு வைத்துப் பாருங்கள். 1982-ல் குவாலியர் விஞ்ஞானிகள் கிராமத்துக்கென்றே கொண்டுவந்த எளிய சோதனை. அதற்கு முன் சாம்பிளில் இருக்கும் குளோரினைத் தயோசல்பேட்டால் போக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கிருமிச் சந்தேகம். ஊற்றியதுமே கறுத்தால் தண்ணீரிலேயே சல்பைடு இருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நீர்க்குறிஞ்சி

பாட்டில் இன்று மதியமே லேபில் சேர்ந்துவிட்டது, குப்பி இரண்டும் அந்த மாணவி வீட்டு அலமாரியில் இருக்கின்றன. செவ்வாய் காலை பார்த்துச் சொல்வாள். அடுத்த ஞாயிறு அவள் தோழியும் வருகிறாள். அந்த ஊர் ஆபரேட்டர் தான் பார்க்கும் மற்ற இரண்டு டேங்குக்கும் எவ்வளவு போடுவது என்று கேட்டிருக்கிறார். அதற்கு முதலில் அந்த டேங்குகளின் கொள்ளளவை அளக்க வேண்டும், டேப் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.