ஜுருஃப்: நீர் குடைந்த கரைக்கு ஒரு சொல்

அரபு நிலவியல் சொற்களைத் தமிழாக்கும்போது 'ஜுருஃப்' என்பதற்கு 'ஆற்றங்கரை' என்று மட்டும் எழுதுவது போதாது என்று கருதுகிறேன். வாரி எடுத்தல், அடித்துச் செல்லுதல் என்னும் பொருளுடைய 'ஜரஃப' என்னும் வினையிலிருந்து வந்த சொல் இது. மண்வாரிக்கு 'மிஜ்ரஃபா' என்றும், வெள்ளம் மண்ணை வாரிக்கொண்டு போவதற்கு 'இன்ஜிராஃப்' என்றும் அதே வேரிலிருந்து பெயர்கள் அமைந்துள்ளன. ஆகவே ஜுருஃப் என்பது வெள்ளம் அடிமண்ணை அரித்தெடுத்த பின்னும் மேற்பகுதி விழாமல் நிற்கும் கரையாகும்.

குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 109ஆம் வசனம் இதைத் தெளிவாக்குகிறது. இறையச்சத்தின் மீது கட்டடத்தை நிறுவியவனுக்கு எதிராக, 'ஷஃபா ஜுருஃபின் ஹார்' மீது நிறுவியவனை அது காட்டுகிறது. 'ஷஃபா' விளிம்பு, 'ஹார்' சரியும் நிலையிலுள்ளது. சரிவதைக் குறிக்கத் தனி அடைமொழி சேர்ந்திருப்பதால், ஜுருஃப் என்னும் சொல்லளவில் கரை இன்னும் விழவில்லை என்று கொள்ளலாம்.

நம்மிடம் 'இடிகரை' என்னும் நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அது வினைத்தொகை. இடிந்த கரை, இடிகின்ற கரை, இடியும் கரை ஆகிய மூன்றுக்கும் இடம் தருகிறது. செய்யுளுக்கு அழகு சேர்க்கும் இவ்விரிவு கலைச்சொல்லுக்குப் பொருந்தாது. 'அரிகரை' என்றால் மழைநீர் மேற்பரப்பை அரித்த கரையையும் அது குறிக்கும். அடியில் நீர் குடைவதே இங்கு முதன்மையாதலால் 'குடைகரை' என்பதை முன்மொழிகிறேன். 'ஜுருஃபின் ஹார்' என்னும் தொடருக்கு 'இடியும் குடைகரை' எனலாம். பிடிக்கும் குடையை இச்சொல் நினைவூட்டும் என்ற தடை எழக்கூடும். ஆயினும் பின்னால் வரும் 'கரை' என்னும் சொல் பொருளை உறுதிப்படுத்திவிடுகிறது.

கண்டத்தின் விளிம்பில் கடலுக்கடியில் நீளும் ஆழமற்ற பகுதியான கண்டத்திட்டை இன்றைய அரபு 'அல்-ஜுர்ஃப் அல்-காரீ' என்கிறது. அங்கே வேர் ஒன்றே என்பதற்காகக் குடைகரையைப் புகுத்தக் கூடாது.

பள்ளத்தாக்கையும் ஆற்றையும் குறிக்கும் 'வாதீ' என்னும் அரபுச் சொல்லும் கவனத்திற்குரியது. சவூதித் தலைநகர் ரியாதை ஒட்டிய வாதீ ஹனீஃபா இயல்பில் வறண்டு கிடந்து மழையில் பெருக்கெடுக்கும் பள்ளத்தாக்கு. ஸ்பெயினின் குவாதல்கிவீர் ஆறோ 'அல்-வாதீ அல்-கபீர்', அதாவது பெரிய ஆறு, என்பதன் திரிபு. பள்ளத்தாக்கு, ஆறு என்னும் இரண்டில் ஒன்றையே நிலையாக வைத்துக்கொண்டால் மற்ற இடத்தில் பிழைபடும். எனவே இடப்பெயர்களில் 'வாதீ' என நெடிலோடு அப்படியே எழுதலாம், குறிலாக்கினால் 'வாதி', அதாவது வழக்காடுபவர், என்றாகிவிடும். வறண்ட படுகையைக் குறிக்கும் பொதுப்பெயராக 'வறளாறு' பொருந்தும். அதில் திடீரென இறங்கும் 'ஸைல்' என்பதற்குக் 'காட்டாற்று வெள்ளம்' என்ற வழக்கே போதும்.